மூட்டைக்குள் இருப்பது அச்சம்

சென்ற ஆண்டு ஆனிக் கடைசியில் எங்களுக்கு ஒரு பட்டியல் வந்து சேர்ந்தது. மாதம் ஒருமுறை கிணத்துக்கடவில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் கூடி, வாசித்த புத்தகங்களைப் பற்றிப் பேசிக் கலைகிற ஏழெட்டுப் பேர் நாங்கள். ஆடி பிறந்ததும் நான்கு நாட்கள் சைக்கிளில் சுற்றி வருவதென்று முடிவாகியிருந்தது. பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி. அங்கிருந்து தாராபுரம், காங்கயம், சென்னிமலை. பிறகு பெருந்துறை, அவிநாசி, கோவை வழியாகத் திரும்பவும் கிணத்துக்கடவு. கொங்குநாட்டை ஒரு வட்டமாகப் பார்த்து வருவதன்றி வேறு நோக்கம் எங்களுக்கு இல்லை. எங்களில் ஒருவர் முன்னெச்சரிக்கையாக நகரத்துச் சைக்கிள் குழு ஒன்றில் யோசனை கேட்டிருக்கிறார். பதிலாக வந்ததுதான் அந்தப் பட்டியல். மொத்தம் 43 பொருட்கள். இவை இல்லாமல் பலநாள் பயணம் கிளம்புவது பொறுப்பற்ற செயல் என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது.

நீர் புகாத பக்கப்பைகள் நான்கு, முன்சக்கரத்துக்குத் தனிக் கேரியர், கூடாரம், உறங்குபை, காற்றடைக்கும் மெத்தை, எரிவாயு அடுப்பு, நீர் வடிகட்டி, டைட்டானியக் கரண்டி என்று அது நீண்டது. விலைகளைக் கூட்டிப் பார்த்தபோது, உள்ளதில் மலிவானவற்றை வாங்கினாலும், தலைக்கு 28,000 ரூபாய் வந்தது. நான் சிரித்தேன். சிரிக்கும் வசதி எனக்கு இருந்தது. எங்களில் மிக இளையவன் சிரிக்கவில்லை. தென்னைநார் ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறவன். மறுநாள் தொலைபேசியில், "நான் வர்லீங்ண்ணா, அந்த நாலு நாளும் வேலை இருக்குதுங்க" என்றான். அந்த நான்கு நாட்களுக்கு எல்லோருக்கும் முன்னதாக விடுப்புக் கேட்டு வாங்கி வைத்திருந்தவன் அவன்தான்.

அவனுடைய தந்தை பால்காரர். முப்பது வருடங்கள் சைக்கிளில் கேன் கட்டிக் கறவை வீடுகளுக்கும் சொசைட்டிக்குமாக அலைந்தவர். இருபுறமும் தொங்கும் கேன்களில் பாலின் அளவு சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பதைப் பத்து வயதில் கைகளால் அறிந்தவன் இந்தப் பையன். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்துக் கயிறாக்கி, கேரியரில் எதைக் கட்டினாலும் அசையாமல் கட்டுவான். சைக்கிளில் சுமை ஏற்றுவதைப் பற்றி எங்களில் எவருக்கேனும் ஏதேனும் தெரியுமென்றால் அது அவனுக்குத்தான். அவனைத்தான் அந்தப் பட்டியல் முதலில் வெளியேற்றியது. இக்கட்டுரை அந்தப் பட்டியலுக்கும், அதைப் போன்ற எல்லாப் பட்டியல்களுக்கும் எதிரானது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்தப் பட்டியல் முட்டாள்களால் எழுதப்பட்டதல்ல. அது வேறொரு நிலத்தில் பிறந்தது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியப் பாலைகளிலும் படகோனியாவின் வெற்றுவெளிகளிலும் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டர் இருக்கலாம். அங்கே கூடாரம் என்பது வீடு. அடுப்பு என்பது உயிர். மூன்று நாளுக்கான தண்ணீரைச் சுமக்காதவன் திரும்பி வரமாட்டான். அந்த நிலத்தின் அறிவு அந்த நிலத்தில் மெய்யானது. அதைப் பெயர்த்தெடுத்துப் பொள்ளாச்சிச் சாலையில் நடும்போதுதான் அபத்தம் தொடங்குகிறது. இந்தச் சாலையில் பத்துக் கிலோமீட்டருக்குள் ஒரு டீக்கடையாவது இல்லாத நீளம் எது? சைக்கிளில் அரைமணி மிதித்தால் ஒரு பேக்கரி, ஒரு மருந்துக்கடை, ஒரு பஞ்சர் கடை. இரவு தங்கப் பழனியில் சத்திரங்களும் விடுதிகளும். தாராபுரத்திலும் காங்கயத்திலும் பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே அறை கிடைக்கும். இங்கே எரிவாயு அடுப்பைச் சுமந்துகொண்டு போகிறவன் எதற்கு அஞ்சுகிறான்? பசிக்கு அல்ல; டீக்கடையில் அந்நியர்களோடு உட்காருவதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

மூட்டையில் நாம் கட்டுவது பெரும்பாலும் பொருட்களை அல்ல, அச்சங்களை. மழை பெய்தால், பசித்தால், தனித்துவிட்டால், அசிங்கமாகத் தெரிந்தால் என்று ஒவ்வோர் 'ஆல்' விகுதிக்கும் ஒரு பொருள். கடைக்காரன் விற்பதும் பொருளை அல்ல, அந்த விகுதியைத்தான்.

வரலாற்றைப் பார்ப்போம். உலகைச் சைக்கிளில் முதன்முதலாகச் சுற்றியவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884இல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து, முன்சக்கரம் ஆளுயரமுள்ள பழைய வகைச் சைக்கிளில் கிளம்பி, 1886இல் இந்தியா வழியாகவும் பயணித்து, அவ்வாண்டின் இறுதியில் யோகஹாமாவில் முடித்தார். கைப்பிடிப் பையில் அவர் வைத்திருந்தவை காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, ஒரு கைத்துப்பாக்கி, ஒரு மழைக்கோட்டு. அந்த மழைக்கோட்டே இரவில் கூடாரம், அதுவே படுக்கை. ஒரே பொருள் மூன்று வேலை செய்தது. கொங்குநாட்டில் அதற்கு நாலு முழ வேட்டி என்று பெயர். உடுக்கலாம், போர்த்தலாம், விரிக்கலாம், துவட்டலாம், மறைப்பாகக் கட்டிக் குளிக்கலாம். பட்டியலில் பயணத்துக்கென்றே தயாரித்த இறக்குமதித் துண்டு ஒன்று இருந்தது. அதன் சிறப்பு எடை குறைவு, விரைவில் உலர்தல். ஈரிழைத் துண்டுக்கும் அவை இரண்டும் உண்டு. நெய்கிற ஊர்களின் வழியாகவே போகிற பயணத்துக்கு இறக்குமதித் துண்டைப் பரிந்துரைத்தவரை என்னவென்று சொல்வது?

1923இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பபசோலா, ரஸ்டம் பம்காரா ஆகிய மூவர் 1928இல் திரும்பி வந்தார்கள். பின்னர் அவர்கள் எழுதிய நூலுக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை தந்தார். அவர்களிடமும் நான் சொல்லும் பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இருந்திருக்க வழியில்லை. அவை அன்று தயாரிக்கப்படவே இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். ஜெர்மானியரான ஹைன்ஸ் ஸ்டூக்கெ 1962இல் ஊரைவிட்டுக் கிளம்பி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சைக்கிளில் உலகெங்கும் அலைந்தவர். அவருடைய வண்டி கனத்த மூட்டைகளோடு இருக்கும். அவர் கோழையா? அல்ல. ஐம்பது ஆண்டுகள் சாலையில் இருப்பவனுக்குச் சைக்கிள்தான் வீடு; வீட்டில் பாத்திரம் பண்டம் இருக்கும். நாம் நான்கு நாட்களுக்குப் போகிறோம். நான்கு நாள் விருந்தாளி வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருவதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் எளிமையின் பூசாரிகள். பல்துலக்கியின் கைப்பிடியைப் பாதியாக அறுப்பார்கள். முப்பது கிராம் குறைகிறதென்று எவர்சில்வர் கரண்டியை எறிந்துவிட்டு டைட்டானியக் கரண்டி வாங்குவார்கள். இவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோ சுமையை அவ்வளவு உயரம் தூக்க ஏறத்தாழ 98,000 ஜூல் ஆற்றல் வேண்டும். உடல் தான் எரிப்பதில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், உணவுக் கணக்கில் அது தொண்ணூற்றுச் சொச்சம் கலோரி. அதாவது இரண்டு இட்லி. முப்பது கிராம் கரண்டிக்கு இதே கணக்கைப் போட்டால் நான்கைந்து பருக்கைச் சோற்றுக்கு மேல் வராது. அந்தப் பருக்கைகளை மிச்சம் பிடிக்கச் சில ஆயிரங்கள் செலவிடுவதற்குப் பெயர் எளிமை அல்ல. எளிமையையும் கடையில் வாங்கலாம் என்ற நம்பிக்கை.

அப்படியென்றால் பத்துக் கிலோ கூடினாலும் பாதகமில்லையே, இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டால் போயிற்று என்பீர்கள். இல்லை. சுமையின் விலை ஆற்றலில் மட்டும் இல்லை. ஏற்றத்தில் இட்லியாகக் கொடுத்ததை இறக்கத்தில் பிரேக் கட்டைகள் வெப்பமாக வாங்கிக்கொள்ள வேண்டும், நாற்பது வளைவுகளிலும். கேரியரில் ஏற்றிய எடை பின்சக்கரத்தில் இறங்குகிறது. போக்ஸ் கம்பி அறுவது பெரும்பாலும் அங்கேதான், அதுவும் சங்கிலி ஓடும் பக்கத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக, கனத்த வண்டியை நிறுத்தச் சோம்பல் வரும். சாலையோரத்தில் ஒரு பழைய நடுகல்லைப் பார்த்தாலும், ஒரு கிணற்று மேட்டில் யாரோ கையசைத்தாலும், மீண்டும் மிதித்துக் கிளப்ப வேண்டுமே என்று கடந்துவிடுவோம். நின்று பார்க்கத்தானே கிளம்பினோம்?

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பட்டியலிலும் அது இருக்காது. காற்று. மேற்குத்தொடர்ச்சி மலை பாலக்காட்டுக்கு அருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று அந்தக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து நம் பக்கம் பாய்கிறது. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இங்கே வெறும் அணி அல்ல. கோவையிலிருந்து கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி போகும் சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. எனவே ஆடியில் காற்று விலாவில் அறையும். இருபுறமும் புடைத்த பக்கப்பைகள் அப்போது பாய்மரங்களாகிவிடும். லாரி ஒன்று கடக்கும்போது காற்று சட்டென்று மறைந்து, கடந்தவுடன் மறுபடி அறையும். அந்த ஒரு கணத்தில் அகன்ற மூட்டைக்காரன் ஒரு முழம் நகர்ந்துவிடுவான். அந்தச் சாலையில் அந்த ஒரு முழம் உயிர். பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குக் கிழக்கே போகையில் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். மேற்கே திரும்பி வருகையில் அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவது. அதில் எடைக்குப் பங்கில்லை, அகலத்துக்குத்தான் பங்கு. ஆகவே நம் சமவெளியில் குறைவாகக் கட்டு என்பதைவிடக் குறுகலாகக் கட்டு என்பதே முதல் விதி. உடம்பின் நிழலுக்குள் அடங்குவதை மட்டும் கட்ட வேண்டும். கேரியரின் மேல் நீளவாக்கில் ஓர் உருளைப்பை, கைப்பிடியில் ஒரு சிறுபை, இடமிருந்தால் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் ஒன்று. கனமானது கீழே, நடுவே. முதுகில் எதுவும் கூடாது. முதுகுப்பை வேர்வையையும் தோள்வலியையும் தரும், காற்றில் ஆளையும் சாய்க்கும்.

நல்ல பை வேண்டாமா? வேண்டும். பக்கப்பைகளுக்குப் புகழ்பெற்ற ஒரு ஜெர்மானிய நிறுவனம் உண்டு, ஆர்ட்லீப். அதை 1982இல் தொடங்கிய ஹார்ட்முட் ஆர்ட்லீப், மழையில் நனைந்த ஒரு சைக்கிள் பயணத்தில், எதிரே வந்த லாரியின் தார்ப்பாயைப் பார்த்து அதே துணியில் தனக்கொரு பை தைத்துக்கொண்டார். அதிலிருந்துதான் அந்த நிறுவனம் பிறந்தது. அவர் செய்தது சரி. கண்ணெதிரே இருந்ததைப் பார்த்தார், அதில் தைத்தார். நாம் செய்ய வேண்டியது அவருடைய பையை வாங்குவது மட்டும்தானா, அல்லது அவர் பார்த்ததைப்போல் பார்ப்பதுமா? தேங்காய் லாரிகள் ஓடும் ஊரில் தார்ப்பாய் தைக்கும் கைகளுக்கா பஞ்சம்? வசதியுள்ளவர் ஜெர்மானியப் பையை வாங்கட்டும், அது பல வருடம் உழைக்கும். ஆனால் அது இல்லாதவன் பயணத்துக்குத் தகுதியற்றவன் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

பிறகு எதைத்தான் சுமப்பது? என் தரப்பு ஒரே வரிதான்: வழி தராததை மட்டும் சுமக்க வேண்டும். உணவைத் தரும், தண்ணீரைத் தரும், சோப்பைத் தரும், படுக்க இடமும் தரும். ஆனால் கியர் சைக்கிளில் போகிறவருக்கு அவருடைய சக்கரத்தின் டியூப் காங்கயத்துக் கடையில் இருக்காது. அதன் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்குள்ள பம்பு பொருந்தாது. எனவே இரண்டு மாற்று டியூப், சிறு பம்பு, கட்டைவிரல் நகமளவு பித்தளை அடாப்டர் ஒன்று. சில கிராம் எடையுள்ள அந்த அடாப்டர் சாலையோரத்துப் பஞ்சர் கடைகள் அனைத்தையும் உங்களுக்குத் திறந்துவிடும். பழைய கறுப்புச் சைக்கிளில் போகிறவருக்கு இதுவும் வேண்டியதில்லை. அவருடைய டியூப் எல்லா ஊரிலும் தொங்குகிறது. பிறகு, தலைக்கவசம், முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள், அடையாள அட்டை, மாற்றுடை ஒன்று, ஒரு வேட்டி அல்லது போர்வை, துண்டு, அவற்றை நனையாமல் வைக்க ஒரு பாலித்தீன் உறை. நான் ஒரு புத்தகமும் எடுத்துக்கொள்வேன். அது எடைதான். அதன் இரண்டு பருக்கைச் சோற்றை நான் மனமுவந்து தருகிறேன்.

என் தரப்பை முழுதாக ஏற்காத ஒருவர் எங்கள் குழுவிலேயே உண்டு. அவர் பெண். "நீங்க டீக்கடை பெஞ்சுல படுத்துத் தூங்கிக்குவீங்க. நான் எங்கே படுக்கறதுங்க? வேட்டியை மறைப்பாக் கட்டிக் குளிக்கறது உங்களுக்குக் கதை, எனக்கு ஆகாது" என்றார். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. 1963இல் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியே சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபி மிகக் குறைவாகச் சுமந்தவர். ஆனால் அந்தக் குறைவிலும் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. வழியில் அது அவருக்குப் பயன்படவும் செய்தது. எல்லா அச்சமும் கடையில் வாங்கியதல்ல. சில அச்சங்களை வழியே தருகிறது. வழி ஒருவருக்குத் தருவதை இன்னொருவருக்குத் தருவதில்லை என்பதும், ஆகவே ஒருவரின் பட்டியல் இன்னொருவருக்குச் சட்டமாகாது என்பதும்தான் நான் கற்றுக்கொண்டது. அவருக்காக அறைகளை முன்கூட்டியே பதிவு செய்தோம். அதற்குக் கூடாரம் தேவைப்படவில்லை. இரண்டு தொலைபேசி அழைப்புகள் தேவைப்பட்டன.

குறைவாகச் சுமப்பதை நாம் யாரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் எங்கள் ஊர் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். இங்கிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். தோளில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுடை, ஒரு போர்வை. அவர்கள் ஏழைகள் என்பதால் மட்டும் அப்படிப் போகவில்லை. தோட்டம் துரவு உள்ளவர்களும் அதே பையோடுதான் போகிறார்கள். வழிநெடுகப் பந்தல் போட்டு யாரோ மோர் ஊற்றுவார்கள், சோறிடுவார்கள் என்ற நம்பிக்கையே அவர்களுடைய கட்டுச்சோறு. இன்னும் பின்னே போனால், மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் கூத்தர்கள் தம் இசைக்கருவிகளைப் பைகளில் சுருக்கிக் கட்டி, காவின் இருபுறமும் எடை ஒத்திருக்கப் பலாக்காய்க் கொத்துகளைப்போல் தொங்கவிட்டுச் செல்கிறார்கள். அந்தக் 'கா'தான் காவடியில் இருக்கிறது. பால்கேன் கட்டிய சைக்கிளில் இருப்பதும் அதே சமன்தான். அந்தக் கூத்தர் தம் தொழிற்கருவிகளைச் சுமந்தார்கள், உணவை அல்ல. எந்த ஊரில் தினைச்சோறு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பதை எதிரே வந்தவன் சொன்னான். ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே, வழி கேட்கிறவனும் வழி சொல்கிறவனும் இருக்கிறார்கள் என்ற உறுதியின் மேல் நிற்கிறது. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, எவரிடமும் எதையும் கேட்கத் தேவையற்றுக் கடந்து போகிறவனுக்கு எந்தப் பாணனும் வழி சொல்ல முடியாது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, பட்டியலை நம்பி எல்லாம் வாங்கியிருந்த நண்பரின் பைகளைக் கிணத்துக்கடவு தக்காளிச் சந்தையில் ஒரு தராசில் வைத்துப் பார்த்தோம். 17 கிலோ. எடை போட்டவர், "ஏனுங்க, ஒரு பொட்டி தக்காளிக்கு மேல இருக்குதுங்களே, இதைக் கொண்டுபோய் எங்க விக்கப்போறீங்க?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நாங்கள் வியாபாரத்துக்குப் போகிறோம் என்று நினைத்தார். நண்பர் அன்றிரவு அடுப்பையும் கூடாரத்தையும் மெத்தையையும் எடுத்து வைத்தார். அவரால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இன்னும் பரண்மேல் கிடக்கின்றன.

பையன் வரவில்லை. மானம் ஒருமுறை புண்பட்டால் தர்க்கத்தால் ஆறாது. விடுப்பை ஆலையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் கிளம்பிய அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் முன்னால் வந்து நின்றான். கையில் டியூப் கயிறு. என் உருளைப்பையை அவிழ்த்து, வேட்டியையும் பம்பையும் இடம் மாற்றி, மறுபடி கட்டிக் கொடுத்தான். அந்த நான்கு நாட்களும் ஆடிக்காற்றில் அது ஓரங்குலமும் நகரவில்லை. காங்கயத்துக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடைக்காரர் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, கட்டியது யாரென்று கேட்டார். ஒரு பால்காரர் மகன் என்றேன். தலையசைத்துவிட்டு டியூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

இந்த ஆடியில் மீண்டும் போகிறோம். இம்முறை எவரிடமும் பட்டியல் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முந்தைய மாலை எல்லோரும் திண்ணையில் மூட்டைகளை அவிழ்த்து வைப்பதென்றும், எது வேண்டும் எது வேண்டாம் என்பதை அவனே பார்த்துக் கட்டித் தருவதென்றும் ஏற்பாடு. வருகிறாயா என்று கேட்டேன். "வர்றனுங்ண்ணா, ஆனா எங்கப்பா வண்டியிலதான் வருவேன்" என்றான். அது இருபது கிலோவுக்கு மேலிருக்கும். இருக்கட்டும்.